பாட்டாவின் வாளைத் தேய்க்காதீர்கள்

பழைய வாள், கத்தி, கட்டாரி சேர்ப்பதைப் பற்றி போன மாதம் எழுதியதற்கு வந்த கேள்விகளில் பலவற்றுக்குத் துருதான் காரணம். அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

அண்ணாச்சி, எங்கள் பாட்டா காலமான பிறகு மச்சைச் சுத்தம் செய்தபோது ஓலைப்பாயில் சுருட்டிய ஒரு வாள் கிடைத்தது. இரண்டு முழத்துக்குக் கொஞ்சம் குறைவு. முழுக்கத் துரு. எலுமிச்சம்பழமும் செங்கல்பொடியும் போட்டுத் தேய்த்தால் பளபளவென்று வந்துவிடும் என்கிறார் சித்தப்பா. தேய்க்கலாமா? (தக்கலை)

வேண்டாம் தம்பி. சித்தப்பாவிடம் நான் சொன்னதாகவே சொல்லிவிடுங்கள், இன்றைக்கு ராத்திரியே சொல்லிவிடுங்கள், ஏனென்றால் இந்த வேலையை ஆர்வமுள்ள ஒருத்தர் ஒரு மத்தியானத்தில் முடித்துவிடுவார், அப்புறம் அதைத் திருப்பிக் கொண்டுவர யாராலும் முடியாது.

நான் இதைச் செய்தவன். இருபது வருடத்துக்கு முன்னால் நாகர்கோவில் பக்கம் ஒரு ஆக்கர் கடையில் பழைய இரும்பு எடைக்கு ஒரு கட்டாரி வாங்கினேன். கட்டாரி தெரியும்தானே, குறுக்குப் பிடியைக் கைக்குள் வைத்து முஷ்டியை மூடினால் அலகு விரல் முட்டிக்கு நேராக முன்னால் நீட்டிக்கொண்டு நிற்கும், குத்துவதற்கென்றே செய்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து புளியும் சாம்பலும் போட்டு இரண்டு மணி நேரம் தேய்த்தேன். அலகின் அடியில் அழுக்குக் கோடு போல ஏதோ ஓடியது, அதை மட்டும் விடாமல் தேய்த்தேன். நன்றாகப் பளபளத்தது. சில மாதம் கழித்து சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் தஞ்சாவூர் அரண்மனை ஆயுதசாலையிலிருந்து வந்த கட்டாரிகளைப் பார்த்தேன். கறுத்துப்போன ஓர் அலகின் அடியில் மெல்லிய வெள்ளிக் கம்பி பதித்த வேலை. கண்ணாடிக்கு முன்னால் அப்படியே நின்றுவிட்டேன். நான் அழுக்கு என்று சுரண்டியது என்னவாக இருந்திருக்கும் என்று அப்போதுதான் புரிந்தது. அந்தக் கட்டாரி இப்போதும் என்னிடம் இருக்கிறது, அடியில் ஊசி நுனி அளவுக்கு ஒரு வெள்ளிப் பொட்டு மட்டும் மிச்சம்.

துரு எல்லாம் ஒன்று இல்லை. விரலால் தொட்டால் செம்பொடியாக ஒட்டுகிறதே, அது உயிரோடிருக்கும் துரு, இரும்பைத் தின்றுகொண்டிருப்பது. கறுப்பும் காப்பிப்பொடி நிறமுமாக இறுகிப் படிந்திருப்பது வேறு. அது பல வருடம் சேர்ந்து உண்டான தோல், இரும்புக்குப் பெரிய கெடுதல் செய்யாது, அதன் அடியில்தான் எழுத்தோ பூவேலையோ எஃகின் வரிகளோ இருக்கும். எலுமிச்சையும் புளியும் அமிலம், அவை இரண்டையும் பிரித்துப் பார்க்காது. செங்கல்பொடி அதைவிட மோசம்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். முதலில் இரண்டு பக்கமும் பகல் வெளிச்சத்தில் போட்டோ எடுத்துவிடுங்கள். பழைய பருத்தி வேட்டித் துண்டில் தையல் மெஷின் எண்ணெய் தொட்டு அலகில் பூசி, ஒரு ராத்திரி விட்டு, காலையில் துடையுங்கள். செம்பொடி துணியில் வரும். ஒரு வாரம் இதையே செய்யுங்கள். வராத இடத்தில் மூங்கில் சிம்பை வைத்து மெதுவாகச் சுரண்டலாம், இரும்பைக் கொண்டு சுரண்டக் கூடாது. உப்புத்தாள் பக்கமே போகாதீர்கள். தேங்காய் எண்ணெய் பூசலாமா என்று நம் ஊரில் எல்லோரும் கேட்பார்கள், அது நாளானால் சிக்குப் பிடித்துப் புளித்துப்போகும், அதுவே அலகை அரிக்கும். மரப்பிடியில் எண்ணெய் ஊறவிடாதீர்கள். தோல் உறை இருந்தால் வாளைத் தனியாக, உறையைத் தனியாக வையுங்கள். பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தால் ஈரம் உள்ளேயே நிற்கும். நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு வருடத்தில் இரண்டு மழைக்காலம், அதோடு கடல்காற்றின் உப்பு வேறு, மதுரைக்காரர் வருடத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும் என்றால் நீங்கள் மாதத்துக்கு ஒருமுறை எடுத்துப் பார்க்கத்தான் வேண்டும். கையால் தொட்டால் உடனே துடைத்துவிடுங்கள், வியர்வை காய்ந்த இடத்தில் விரல் ரேகை அப்படியே துருவாக விழும்.

இதற்கெல்லாம் முன்னால் பாட்டி இருக்கிறார்களா? இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். யார் கொண்டுவந்தது, எந்தக் குடும்பத்திலிருந்து வந்தது, ஓணத்துக்கோ ஆயுத பூஜைக்கோ எடுத்து வைப்பார்களா, ஏன் மச்சுக்குப் போனது. கேட்டதைத் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். துருவை அடுத்த வருடம் கூடப் பார்த்துக்கொள்ளலாம்.

வீட்டில் வாள் வைத்திருந்தால் போலீஸ் பிடிக்குமா? எவ்வளவு நீளம் வரை வைக்கலாம்? (குளச்சல்)

1959-ஆம் வருட ஆயுதச் சட்டமும் 2016-ஆம் வருட ஆயுத விதிகளும் இதற்குப் பொருந்தும். விதிகளின் அட்டவணையில் வாள், குத்துவாள், ஈட்டி, போர்க்கோடரி, இவற்றோடு அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகள் எல்லாம் வருகின்றன. வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் தொழிலுக்கும் ஆராய்ச்சிக்கும் செய்தவை அதில் சேராது. அதனால் காடு வெட்டும் உங்கள் வெட்டோத்தியையும் மீன் வெட்டும் கத்தியையும் பற்றிக் கவலைப்பட வேண்டாம், ஆனால் அதையே இடுப்பில் செருகிக்கொண்டு திருவிழாக் கூட்டத்துக்குப் போனால் கதை வேறு.

வாளுக்கு உரிமம் வேண்டுமா என்பது இடத்தைப் பொறுத்தது. சட்டத்தின் 4-ஆம் பிரிவு, மத்திய அரசு அறிவித்த பகுதிகளில் குறிப்பிட்ட ஆயுதங்களுக்கு உரிமம் கேட்கிறது. ஆகவே நண்பர் சொன்னார், வீடியோவில் பார்த்தேன் என்று இருந்துவிடாதீர்கள். கலெக்டர் அலுவலகத்தில் ஆயுத உரிமம் பார்க்கும் பிரிவுக்கு, வாளின் படமும் அளவும் வைத்து ஒரு மனு கொடுத்து, பதிலை எழுத்தில் வாங்கி வாளோடு வையுங்கள். பரம்பரைச் சொத்து என்றால் அதையும் மனுவில் சொல்லுங்கள்.

இன்னொரு சட்டமும் இருக்கிறது. 1972-ஆம் வருடத் தொல்பொருள் சட்டப்படி நூறு வருடமாவது ஆன பொருள் தொல்பொருள். அதை வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. அதில் வியாபாரம் செய்பவருக்கு உரிமம் வேண்டும். துபாயிலிருக்கும் மச்சானுக்குப் பரிசாகக் கொடுத்துவிடலாம் என்று பழைய வாளைப் பெட்டியில் வைத்தீர்கள் என்றால் ஏர்போர்ட்டில் நிற்க வேண்டி வரும்.

மான்கொம்பு இரண்டைச் சேர்த்துக் கட்டிய சிலம்ப ஆயுதம் ஒருவர் விலைக்குத் தருகிறேன் என்கிறார். வாங்கலாமா? (இரணியல்)

வாங்காதீர்கள். வெளிமான் கொம்பு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வரும், விற்பதும் வாங்குவதும் குற்றம். யானைத்தந்தப் பிடி போட்ட கத்திக்கும் இதே பதில்தான். எவ்வளவு பழையது என்று சொன்னாலும் சரி.

நான் கல்லூரியில் படிக்கிறேன் அண்ணாச்சி. ஜப்பான் கட்டானாதான் உலகத்திலேயே சிறந்த வாள் என்கிறார்கள். நம் வாள்கள் அதற்குப் பக்கத்தில் நிற்குமா? ஆன்லைனில் நாலாயிரத்துக்கு ஒரு கட்டானா வருகிறது, வாங்கட்டுமா? (மார்த்தாண்டம்)

மகளே, சிறந்தது எது என்று பார்த்தால் எங்கேயும் போய்ச் சேர முடியாது, எதற்காகச் செய்தார்கள் என்று பாருங்கள், அப்புறம் எல்லாமே அழகாகத் தெரியும்.

ஜப்பானில் இரும்புத்தாது நிறைந்த மணலைக் கரியோடு போட்டு உருக்கி எஃகு எடுத்தார்கள். அதை மடித்து மடித்து அடித்து அசுத்தத்தை வெளியே தள்ளினார்கள். கடைசியில் அலகுக்கு மண் பூசுவார்கள், முதுகில் கனமாக, வெட்டும் வாயில் மெல்லியதாக. பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்கும்போது மெல்லிய மண் பூசிய வாய்ப்பக்கம் சட்டென்று குளிர்ந்து கண்ணாடி போல இறுகும், முதுகு மெதுவாகக் குளிர்ந்து வளையக்கூடியதாக நிற்கும். வாய்ப்பக்கம் இறுகும்போது கொஞ்சம் விரியும், அதனால் வாளே தண்ணீருக்குள் பின்னோக்கி வளையும். அந்த வளைவில் பாதி தண்ணீர் கொடுத்தது. வாயோரமாக அலைபோல ஓடும் வெள்ளைக்கோட்டை அவர்கள் ஹாமோன் என்கிறார்கள், இரண்டு பதமும் சந்திக்கும் இடம் அது.

நம் பக்கத்து வழி வேறு. இரும்பையும் இலை, மரத்துண்டு போன்றவற்றையும் மண்மூசையில், அதாவது உருக்குவதற்கான மண்கலத்தில், வைத்து வாயை அடைத்து, உலையில் உருக்கி, மெதுவாக ஆறவிட்டு எடுத்த உருக்கு. நம் மாநிலத்தில் கொடுமணலிலும் மேல்சிறுவலூரிலும் இந்த வேலையின் தடயங்கள் கிடைத்திருக்கின்றன. இந்தக் கட்டிகள் கடல் தாண்டிப் போய் மேற்காசியக் கொல்லர்கள் கையில் வாளாக மாறின, தண்ணீரில் காற்று ஓடுவதுபோல வரிவரியாகத் தெரியும் அந்த வாள்களுக்கு டமாஸ்கஸ் என்று பெயர் வந்தது. வெள்ளைக்காரர்கள் இதை ஊட்ஸ் என்று எழுதினார்கள். 1795-இல் பியர்சன் என்ற ஆங்கில மருத்துவர் லண்டன் ராயல் சொசைட்டியில் இதைப் பற்றிக் கட்டுரை படித்தார், மின்சாரத்தில் பேர் பெற்ற ஃபாரடேகூட இந்த எஃகை ஆராய்ந்தவர்தான். ஜப்பான்காரர் பதத்தை மண் பூசிக் கொண்டுவந்தார், நம் ஆள் மூசைக்குள்ளேயே கொண்டுவந்தார். இரண்டு பேரும் தெரியாமல் செய்யவில்லை.

நாலாயிரத்துக் கட்டானா வேண்டாம். அந்த விலைக்கு வருபவற்றில் பெரும்பாலும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் அலகுதான், பிடிக்குள்ளே போகும் வால் பகுதி விரல் கனத்தில் ஒரு கம்பி, அதையும் வெல்டிங் வைத்திருப்பார்கள். சுவரில் மாட்டினால் சரி, ஒரு தடவை வீசினால் அலகு தனியாகப் பறந்துபோகும். நிஜமான ஜப்பான் வாளில் அந்த வால்தான் பிறப்புச் சான்றிதழ், கொல்லர் பெயரை அதில்தான் வெட்டுவார், அதன் மேல் படிந்த கறுப்புத் துருவை அங்கே யாரும் தொட மாட்டார்கள், வாளின் வயதைச் சொல்வதே அந்தத் துருதான். (தக்கலைத் தம்பியின் சித்தப்பாவுக்கு இதையும் படித்துக் காட்டலாம்.)

உங்களுக்குப் பிடிக்கும் ஒரு விஷயம் சொல்கிறேன். அங்கே வாளுக்குப் பூசும் எண்ணெய்க்கு சோஜி என்று பெயர், சோஜி என்றால் கிராம்பு. அந்த எண்ணெயில் கிராம்பு மணம் இருக்கும். புவிசார் குறியீடு வாங்கிய கிராம்பு விளைகிற மாவட்டத்தில் உட்கார்ந்துகொண்டு இதை எழுதுவது எனக்கு ரொம்பச் சந்தோஷமாக இருக்கிறது.

என் பெரியப்பா மலேசியா எஸ்டேட்டில் வேலை பார்த்தவர். அவர் கொண்டுவந்த ஒரு வளைந்து வளைந்து போகும் கத்தி வீட்டில் இருக்கிறது. அது வந்த பிறகுதான் கஷ்டம் வந்தது என்று அம்மா தூக்கிப் போடச் சொல்கிறார்கள். (திருவட்டார்)

தூக்கிப் போடாதீர்கள், அது கெரிஸ். ஜாவாவிலும் மலாய் நாட்டிலும் ஓர் ஆணின் மரியாதையே அதில்தான் இருந்தது. யுனெஸ்கோ 2005-இல் இந்தோனேசியாவின் கெரிஸை மனிதகுலத்தின் அருங்கலைகளில் ஒன்றாக அறிவித்தது. வளைவுகளை எண்ணிப் பாருங்கள், மூன்று, ஐந்து, ஏழு, பதின்மூன்று என்று ஒற்றைப்படையில்தான் வரும். நேரான கெரிஸும் உண்டு. அலகின் மேல் வெள்ளி நிறத்தில் மேகம்போல ஓடுவது வண்ணமோ பூச்சோ இல்லை, நிக்கல் கலந்த இரும்பைச் சாதா இரும்போடு அடுக்கி அடித்ததால் வந்தது, பாமோர் என்பார்கள். மத்திய ஜாவாவில் பிரம்பனான் பக்கம் விழுந்த விண்கல்லின் இரும்பையே இதற்குச் சேர்த்த கொல்லர்கள் இருந்தார்கள்.

அம்மாவின் பயத்தைக் குறைத்துப் பேசாதீர்கள். கெரிஸுக்கு உயிர் இருக்கிறது என்று அது பிறந்த ஊரிலேயே நம்புகிறார்கள், வருடத்துக்கு ஒருமுறை சடங்கு செய்து கழுவுகிறார்கள். அம்மாவிடம் அதைச் சொல்லி, ஆயுத பூஜைக்கு நம் முறையில் ஒரு பூ வைக்கச் சொல்லுங்கள், அவர்களுக்கும் மனசு சமாதானமாகும். ஒன்றை மட்டும் கவனியுங்கள். அந்த வரி எடுப்பாகத் தெரிய எலுமிச்சைச் சாற்றோடு ஆர்செனிக் கலந்து பூசுவது அங்கே வழக்கம். விஷம். தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், சின்னப் பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள். கழுவுவதை நீங்களே முயன்று பார்க்கவும் வேண்டாம், எண்ணெய்த் துணி போதும்.

சுருள்வாள் வாங்கி வீடியோ பார்த்துக் கற்றுக்கொள்ள முடியுமா? (கருங்கல்)

முடியாது. சுருள்வாள் சாட்டை போல வளையும் அலகு, வீசுகிறவனையே முதலில் வெட்டும். அடிமுறை என்ற நம் ஊர்த் தற்காப்புக்கலையின் ஆசான்கள் இருக்கிற மாவட்டம் இது, போய்க் காலில் விழுந்து கம்பிலிருந்து தொடங்குங்கள். சுருள்வாளை ஆசான் கடைசியில்தான் கையில் கொடுப்பார், அதற்குக் காரணம் இருக்கிறது.

நம் மாவட்டத்தில் இவற்றை எங்கே போய்ப் பார்ப்பது? (ஆரல்வாய்மொழி)

பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போங்கள், திங்கட்கிழமை வேண்டாம், விடுமுறை. மரவேலையையும் பளபளக்கும் தரையையும் பார்த்துவிட்டு எல்லோரும் ஆயுத அறையை வேகமாகக் கடந்துவிடுகிறார்கள். நீங்கள் நில்லுங்கள். வாள்களின் பிடிகளை மட்டும் ஒவ்வொன்றாகப் பாருங்கள், உள்ளங்கை எவ்வளவு சின்னது என்று தோன்றும், விரல் எங்கே நிற்கும் என்று மனசுக்குள் பிடித்துப் பாருங்கள். 1956-இல் மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தாலும் அரண்மனை இன்றும் கேரளத் தொல்லியல் துறையிடம்தான் இருக்கிறது.

நவராத்திரிக்கு முன்னால் போனால் இன்னும் நல்லது. தேவாரக்கட்டு சரஸ்வதி அம்மனும் வேளிமலை முருகனும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் திருவனந்தபுரத்துக்கு எழுந்தருளும்போது, உப்பரிகை மாளிகையில் மன்னரின் உடைவாளை எடுத்துக் கைமாற்றுகிற சடங்கு நடக்கும். அந்த வாள் ஊர்வலத்தோடு முன்னால் போகும். கண்ணாடிப் பெட்டிக்குள் செத்துக் கிடக்காமல், இன்றைக்கும் தனக்கென்று ஒரு வேலை வைத்திருக்கிற வாள் அது. 1750-இல் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்டவர்மா நாட்டையே பத்மநாபசுவாமிக்குத் தானம் செய்து, அவருடைய தாசனாக ஆளத் தொடங்கினார். அதை மனசில் வைத்துக்கொண்டு அந்தச் சடங்கைப் பாருங்கள்.

இன்னொரு வாளையும் சொல்ல வேண்டும். தலக்குளத்தில் பிறந்து திருவிதாங்கூரின் தளவாயாக இருந்த வேலுத்தம்பி 1809-இல் வெள்ளைக்காரரோடு மோதி, கடைசியில் மண்ணடிக்குப் போகும் வழியில் தன் வாளைக் கிளிமானூர் அரண்மனையில் கொடுத்துவிட்டுப் போனார். அவர்கள் சுமார் நூற்றைம்பது வருடம் காப்பாற்றி, 1957-இல் குடியரசுத் தலைவர் ராஜேந்திர பிரசாத்திடம் கொடுத்தார்கள். டெல்லி தேசிய அருங்காட்சியகத்தில் இருந்துவிட்டு 2010-இல் திருவனந்தபுரம் நேப்பியர் மியூசியத்துக்குத் திரும்பி வந்தது. யாரிடமிருந்து யார் கைக்குப் போனது என்று ஒரு கண்ணிகூட அறுந்துபோகாமல் தெரிவதால்தான் அது வேலுத்தம்பியின் வாள். இந்த விவரம் மட்டும் தொலைந்திருந்தால் அது ஏதோ ஒரு பழைய வாள்.

நானும் சேர்க்க ஆசைப்படுகிறேன், ஆனால் வாள் வாங்கும் வசதி இல்லை. அப்பா பனையேறியவர், அவருடைய பாளை அருவாள் மட்டும்தான் வீட்டில் இருக்கிறது. அதெல்லாம் சேகரிப்பில் சேருமா? (குலசேகரம்)

சேருமா என்று கேட்டுவிட்டீர்களே. எனக்கு வந்த கடிதங்களில் நான் நேரில் வந்து பார்க்க ஆசைப்பட்டது உங்கள் பொருளைத்தான்.

நேபாளத்துக் குக்ரியை உலகம் முழுக்கச் சேர்க்கிறார்கள். அது விறகு வெட்டுகிற, கிடா வெட்டுகிற கத்திதான், போருக்கும் போனது. அதன் உறையில் கார்தா, சக்மாக் என்று இரண்டு சின்னக் கத்திகள் இருக்கும், ஒன்று சில்லறை வேலைக்கு, மற்றது மழுங்கியது, தீப்பொறி தட்டுவதற்கு. குடகில் ஆயுதக்கத்தியை இடுப்புக்குப் பின்னால் பித்தளைக் கொக்கியில் மாட்டுகிறார்கள், காடு வெட்டும் வெட்டோத்தியின் அண்ணன் அது. மலாய்க்காரனுக்குப் பராங், பிலிப்பைன்ஸில் போலோ, பின்லாந்துக்காரனுக்கு இடுப்பில் புக்கோ. எல்லாமே வேலைக்கத்திதான்.

பாளை அருவாள் எந்த விதத்தில் குறைவு? காலையிலும் சாயங்காலமும் பாளை நுனியை மயிரிழை கனத்துக்குச் சீவ வேண்டும். கொஞ்சம் ஆழமாகப் போனால் பாளை வீணாகும், மழுங்கலாக இருந்தால் நார் நசுங்கி அக்கானி (பதநீர்) ஊறாது. அதையும் உச்சியில் மட்டையைக் காலால் இடுக்கிக்கொண்டு, ஒரு கையால் செய்ய வேண்டும். அதற்காக அலகை எவ்வளவு மெல்லியதாக அடித்திருக்கிறார் கொல்லர் என்று பாருங்கள், வெளிச்சத்துக்கு நேராக வாயை உங்கள் பக்கம் திருப்பிப் பிடித்தால் ஒரு கோடுகூடத் தெரியக் கூடாது, தெரிந்தால் அந்த இடம் மழுங்கியிருக்கிறது. தீட்டுப்பலகையில் வெள்ளைக்கல் பொடி தூவி அப்பா தினமும் தீட்டியிருப்பார், அதனால் அலகு பழையதில் பாதி அகலம்தான் இருக்கும். அந்தத் தேய்ந்த பாதி அவ்வளவும் அவர் ஏறிய பனைகள்.

தீட்டுப்பலகை இருக்கிறதா, இடுப்புப் பெட்டி இருக்கிறதா, முருக்குத்தடி, பாளை நெருக்கும் கடிப்பு, சுண்ணாம்புக் கலயம் இருக்கிறதா என்று தொழுத்திலும் கூரையிலும் தேடுங்கள். கிடைத்தால் பிரிக்காமல் ஒன்றாக வையுங்கள். அருவாளைப் புதிதாகத் தீட்ட வேண்டாம், அப்பா கடைசியாகத் தீட்டிய வாய் அப்படியே இருக்கட்டும். பிடியில் பெருவிரல் பட்டுக் குழிந்த இடம் இருக்கும், அதை மட்டும் கிட்ட வைத்து ஒரு போட்டோ. அப்பா இருக்கிறார் என்றால் ஒரு மாலை நேரத்தில் அருவாளை அவர் கையில் கொடுத்துவிட்டு, நோட்டோடு பக்கத்தில் உட்காருங்கள். எந்தக் கொல்லர் அடித்தது, என்ன கூலி கொடுத்தார், ஒரு நாளைக்கு எத்தனை பனை, கடைசியாக எந்த வருடம் ஏறினார். எழுதியதை ஒரு பிரதி எடுத்து எனக்கும் அனுப்புங்கள்.